அஞ்சாதவன் எழுதிய மன்னிப்புக் கடிதம்

நியாமத் அலி பத்தொன்பது வயதில் தமக்கு ‘பேபாக்’ என்று புனைபெயர் சூட்டிக்கொண்டார். உருதுவில் அதற்கு அஞ்சாதவன் என்று அர்த்தம். அந்த வயதில் அவர் அஞ்சியவை பல்லி, தெருநாய், கணக்கு வாத்தியார் ஆகிய மூன்று மட்டுமே. ஐம்பத்தொரு வயதில் பல்லியும் நாயும் அப்படியே இருக்க, வாத்தியார் போன இடத்தில் மேலதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார். மனைவி ஷமீமைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்லவும் அஞ்சுவார்.

பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. ஆனால் அவருடைய ஒரே கதைத் தொகுப்பின் ஐந்நூறு பிரதியிலும் அந்தப் பெயர் அச்சாகியிருந்தது. அதில் நானூற்றுச் சொச்சம் இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அது தீர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று இருபத்திரண்டு வருடமாகக் காத்திருந்தார்.

லாகூருக்கு மேற்கே உள்ள லாயல்பூருக்கு அரசாங்கம் வேறு பெயர் வைத்து எத்தனையோ காலம் ஆகிறது. ஊர்க்காரர்களின் நாக்கு இன்னும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்த ஊர் மாநகர அலுவலகத்தில், பிறப்புச் சான்றிதழில் பெயர்த் திருத்தம் செய்யும் ஜன்னலுக்குப் பின்னால் நியாமத் அலி உட்கார்ந்திருந்தார். உருது எழுத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் ஆள் மாறிவிடுவார். அந்தப் புள்ளிகளை அதனதன் இடத்தில் வைப்பதுதான் வேலை. இலக்கியத்தில் சாதிக்காததை இங்கே சாதிப்பதாக அவருக்கு ஒரு எண்ணம். இங்கே எழுதியதையாவது நாலு பேர் படிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மணிக்கூண்டுப் பக்கத்து டீக்கடை மாடியில் எழுத்தாளர்கள் கூடுவார்கள். ஒருவர் தம் படைப்பை வாசிக்க வேண்டும், மற்றவர்கள் அதைக் கிழிக்க வேண்டும், கிழித்து முடியும்வரை வாசித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் விதி. விசைத்தறிகள் நிறைந்த அந்த ஊரில் தறியைவிட வேகமாக ஓடுவது வாய். அங்கே ஒருவன் வழுக்கி விழுந்தால் கைகொடுக்க வருகிறவன் முதலில் ஒரு கிண்டல் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுவான். அப்படிப்பட்ட ஊரில் கதை வாசிப்பது எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நியாமத் அலி ‘அளவு நாடா’ என்ற கதையை அங்கே வாசித்தார். ஒரு தையற்காரன் வாழ்நாளெல்லாம் பிறர் உடம்பை அளந்துவிட்டு, கடைசியில் தன் அளவு தெரியாமல் செத்துப்போகிறான். பதினொரு பக்கம்.

பேராசிரியர் தன்வீர்தான் முதலில் பேசினார். “தையக்காரர் சாகறதுக்கு முன்னாடி நாங்க செத்துட்டோம்.”

கவிஞர் ரியாஸ் ஷோலா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கதை நல்லா இருக்கு. எந்தப் பக்கத்துல ஆரம்பிக்குதுன்னு மட்டும் சொல்லிடுங்க.” ஷோலா என்றால் தீப்பிழம்பு. அரியணைகளை எரிப்பதாக முப்பது வருடமாகக் கவிதை எழுதுகிறவர். பகலில் பெண்கள் பள்ளிக்கு எதிரே வளையல் கடை.

விதிப்படி நியாமத் அலி சும்மா இருந்தார். கூட்டம் முடிந்ததும் துராப் மிர்ஸா அவர் தோளைத் தட்டி, “குடுங்க, நான் போடறேன்” என்றார். மிர்ஸா ஹோமியோபதி மருத்துவர். ‘ரோஷன்தான்’ என்ற காலாண்டிதழையும் நடத்திவந்தார். சுவரின் உச்சியில் காற்றுக்காக விடுகிற சிறு துவாரத்துக்கு அந்தப் பெயர். சந்தாதாரர் எண்ணிக்கைக்கு அது பொருந்தி வந்தது. விற்காத இதழ்களைக் கட்டுக்கட்டாக அடுக்கித்தான் நோயாளிகள் உட்கார இருக்கை போட்டிருந்தார்.

கதை வெளிவந்தது. உலகம் அசையவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, மகன் பெயரில் புள்ளி விட்டுப்போனதைச் சரிசெய்ய வந்த ஒருவர் ஜன்னலில் புனைபெயரோடு இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“நியாமத் அலி பேபாக். நீங்கதானா அது?”

ஒரு வாசகர் வந்துவிட்டார் என்று நியாமத் அலி நிமிர்ந்து உட்கார்ந்தார். “எந்தக் கதை படிச்சீங்க?”

“கதையெல்லாம் நான் படிக்கறதில்லீங்க. நேத்து ஜும்ஆத் தொழுகைக்கு அப்புறம் பள்ளிவாசல் மைக்ல உங்க பேரைச் சொன்னாங்க. மார்க்க அறிஞர்களைக் கேவலமா எழுதிட்டீங்களாம். உங்களை சும்மா விடக் கூடாதாம்.”

அந்த நேரத்தில் ஒரு மனிதன் கேட்கக்கூடிய கேள்விகள் பல உண்டு. நியாமத் அலி கேட்டது, “எத்தனாம் பக்கம்னு சொன்னாங்களா?” என்பது. பிற்பாடு இதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் காது சூடாகும். உயிருக்கு ஆபத்து என்ற செய்தி மூளையை எட்டும் முன்பே, யாரோ ஒருவர் கதையைப் படித்திருக்கிறார் என்ற சந்தோஷம் போய்ச் சேர்ந்துவிட்டது.

“அதெல்லாம் தெரியாது பாபூஜி. முதல்ல என் பையன் பேர்ல அந்தப் புள்ளியை வெச்சுக் குடுத்துடுங்க. நாளைக்கு நீங்க இருப்பீங்களோ என்னவோ.”

புள்ளியை வைத்தார். அது கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

மதியம் மணிக்கூண்டு வழியே வீட்டுக்குப் போகும்போது பேனரைப் பார்த்தார். ‘பேபாக்கின் எழுத்தை நிறுத்து, மன்னிப்புக் கேள்’ என்று பச்சைத் துணியில் சிவப்பு எழுத்து. இருபத்திரண்டு வருடத்தில் தம் பெயரை இவ்வளவு பெரிதாக அவர் பார்த்ததில்லை. எழுத்துப் பிழையில்லாமல் வேறு போட்டிருந்தார்கள். கீழே ‘கண்டிக்கிறோம்’ என்பதில் மட்டும் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அவருடைய கை பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. பிறகுதான் சுற்றிலும் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தார். ரிக்‌ஷாவில் ஏறி, திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

விவரத்தை மிர்ஸா விசாரித்துவந்து சொன்னார். நூல் வியாபாரி ஹாஜி ஸகாவத் அந்தப் பகுதி உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிறார். எதிராளி போன வருடம் சாக்கடைக்கு மூடி போட்டுக் கொடுத்திருந்தார். ஹாஜியிடம் காட்டுவதற்கு அப்படி ஒன்றுமில்லை. ஆகவே அவர் மார்க்கக் காவலர் சங்கம் ஒன்றைத் தொடங்கி, காக்கவேண்டிய அளவுக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்று தேடினார். எழுத்தாளர்கள் பக்கம் பார்க்கும்படி யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழைய காகிதக் கடையில் ‘ரோஷன்தான்’ கிடைத்திருக்கிறது.

“காகிதக் கடையில எப்படி?” என்றார் நியாமத் அலி.

மிர்ஸா தலையைச் சொறிந்தார். “இடம் இல்லைன்னு ரெண்டு கட்டு நான்தான் போட்டேன்.”

குற்றம் சாட்டப்பட்ட வரி கதையின் ஏழாம் பக்கத்தில் இருந்தது. தையற்காரன் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறான்: ‘அங்கியின் நீளம் மரியாதைக்கு, அகலம் வயிற்றுக்கு.’ அங்கி போட்டவர் யார் என்று கதையில் இல்லை. ஆனால் ஹாஜி ஸகாவத் கணுக்கால்வரை அங்கி போடுகிறவர், அகலத்திலும் துணிக்காரருக்குக் குறை வைக்காதவர். மார்க்க அறிஞர்களின் உடையைப் பழித்துவிட்டான் என்று அந்த வரி வருகிற நாலு வரியை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் தெருத்தெருவாகக் கொடுத்தார்கள்.

வீட்டில் ஷமீம் அந்தத் தாளை வாசித்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“இது நான் சொன்னதுதானே?”

அவர் சொன்னதுதான். நாலு வருடத்துக்கு முன் ஓர் இலக்கிய விழாவுக்காக நியாமத் அலி தம் கல்யாண ஷேர்வானி அங்கியை எடுத்துப் போட்டுப் பார்த்தபோது சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் பித்தான் தெறித்தது. மறுநாளே நியாமத் அலி அந்த வாக்கியத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார், தாம் யோசித்தது மாதிரி.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றார் ஷமீம்.

“மன்னிச்சுக்கோ.”

“அவங்களுக்கும் இதே மாதிரி சுருக்கமா எழுதிக் குடுத்துடுங்க.”

ஆனால் அது சிரித்துப் பேசித் தீர்க்கிற சமாச்சாரமாக இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து மாவட்டத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் பெயரை இப்படித்தான் மைக்கில் சொன்னார்கள். பதினொன்றாம் நாள், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் என்ன எழுதினார் என்பது இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. நியாமத் அலி நாட்காட்டியைப் பார்த்துப் பதினொன்றை எண்ணினார். லாகூரில் விடுதியில் தங்கிப் படித்துவந்த மகள் மஹ்ரீனுக்குப் போன் செய்து, விடுமுறைக்கு வராதே, இங்கே வெயில் அதிகம் என்றார். அது டிசம்பர் மாதம். மறுமுனையில் மகள், “சரிப்பா, வெயில்ல வெளிய போகாதீங்க” என்றாள்.

அலுவலகத்தில் மேலதிகாரி அவருடைய உடல்நிலை சரியில்லை என்று கண்டுபிடித்து விடுப்புக் கொடுத்தார். பெயர்ப்பலகையைக் கழற்றி எடுத்துவைத்தார்கள். ஷமீம் வேலை பார்த்த பள்ளியிலும் தலைமையாசிரியை அதே நோயைக் கண்டுபிடித்தார். வீட்டுக் கதவில் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். அதில் நியாமத் அலியின் புகைப்படம் இருந்தது, தொகுப்பின் பின்னட்டையில் இருந்து எடுத்தது. தலை நிறைய முடியோடு, தாடையில் கைவைத்துத் தொலைதூரத்தைப் பார்க்கிற இளைஞன். அதைப் பார்த்து யாரும் தம்மை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது என்பதில் அவருக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் தெருப்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரே இடம் குளியலறை என்பதால், பகலெல்லாம் அங்கே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஷமீம் டீயை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார்.

காவல் நிலைய அதிகாரி நல்லவிதமாகவே பேசினார். “பாதுகாப்புக்கு அனுப்ப என்கிட்ட ரெண்டு ஆள் இருக்கு, பேபாக் சாஹிப். ஒருத்தர் அவங்க கூட்டத்துக்குத் தவறாம போறவர். இன்னொருத்தருக்கு முட்டி வலி. யாரை அனுப்பட்டும்?”

“வேற வழி?”

“ஒரு மன்னிப்பு எழுதிடுங்க. நீங்க எழுத்தாளர்தானே, உங்களுக்கு என்ன கஷ்டம்?”

எழுத்தாளருக்குத்தான் அது கஷ்டம் என்பது நியாமத் அலிக்கு அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. நாலு தடவை எழுதினார். முதலாவது வக்கீல் நோட்டீஸ் போல இருந்தது. இரண்டாவதில் தம் இலக்கியக் கொள்கையை விளக்கப் போய் மூன்று பக்கம் ஓடிவிட்டது. மூன்றாவதைப் படித்து அவருக்கே அழுகை வந்தது, ஆகவே அதைக் கிழித்தார். நாலாவதை வைத்துக்கொண்டு நண்பர்களுக்கு ஆள் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பின்சந்து வழியாகப் பதினைந்து பேர் வந்தார்கள். கதை வாசித்த அன்று ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். ஷோலா வந்ததும் வராததுமாகக் குறைப்பட்டார்.

“முப்பது வருஷமா சிம்மாசனத்தைக் கொளுத்தறேன்யா நான். ஒரு கான்ஸ்டபிள்கூட வந்து ஏன்டா கொளுத்தறேன்னு கேட்டதில்ல. நீ ஒரு தையக்காரனைப் பத்தி எழுதி பேனர் வாங்கிட்ட.”

“வேணும்னா நீங்க எடுத்துக்கங்க” என்றார் நியாமத் அலி.

“எனக்கு வளையல் கடை இருக்கு” என்றார் ஷோலா சட்டென்று.

நியாமத் அலி மன்னிப்புக் கடிதத்தை வாசித்தார். வாசித்து முடித்ததும், யாரும் சொல்லாமலே பழைய விதி அமலுக்கு வந்துவிட்டது.

“‘மனப்பூர்வமாக’ங்கற வார்த்தை வேண்டாம். பொய்னு உடனே தெரிஞ்சிடும்.”

“அப்ப ‘ஆழ்ந்த வருத்தம்’?”

“அது இரங்கல் செய்தி. இன்னும் டைம் இருக்கு.”

“முடிவு பலவீனமா இருக்கு. சட்டுனு நின்னுடுது.”

“ஆரம்பத்துல உவமை எதுக்கு? மன்னிப்புக் கேக்கறப்ப யாராவது வசந்த காலத்தைப் பத்திப் பேசுவாங்களா?”

நியாமத் அலி விதிப்படி வாயைத் திறக்கவில்லை. ஷமீம் உள்ளிருந்து பகோடா அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் பேராசிரியர் தன்வீர் தாளை மடித்துக் கொடுத்தார். “சும்மா சொல்லக் கூடாது, உங்க கதையைவிட இது நல்லா வந்திருக்கு. சுருக்கமா இருக்கு. என்ன நடக்குமோன்னு ஒரு பயமும் இருக்கு.”

எல்லோரும் போகும்போது வரிசையாகக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். வழக்கமாகக் கைகொடுப்பதோடு சரி. அவர்கள் கட்டிப்பிடித்த விதத்தில் இருந்துதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று அவருக்கு முழுதாகப் புரிந்தது.

வியாழக்கிழமை மதியத் தொழுகைக்குப் பிறகு மதரஸா முற்றத்தில், மன்னிப்பை வாசிக்க வைக்க ஹாஜி கூட்டம் கூட்டியிருந்தார். நியாமத் அலி தனியாகத்தான் போயிருப்பார், அல்லது போகாமலே இருந்திருப்பார். ஷமீம் பர்தாவை மாட்டிக்கொண்டு ரிக்‌ஷாவில் முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டார். “நான் வாசல்ல இருக்கேன். உள்ள போங்க. வயித்தைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கங்க.”

முற்றத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் ஹாஜி ஸகாவத் கணுக்கால்வரை அங்கியோடு. நடுவில் மௌலவி அப்துல் கய்யூம் சுவரில் சாய்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், மதரஸாவின் தலைவர். அவர் முன்னால் மன்னிப்பு வாங்கினால்தான் ஹாஜிக்கு மதிப்பு.

“கதையை யாரெல்லாம் படிச்சீங்க?” என்று மௌலவி கேட்டார்.

எல்லோரும் ஹாஜியைப் பார்த்தார்கள். ஹாஜி ஜெராக்ஸ் தாளை நீட்டினார். “இதுல எல்லாம் இருக்கு, ஹஸ்ரத்.”

“இதுல நாலு வரி இருக்கு. நான் கதையைக் கேட்டேன்.” மௌலவி நியாமத் அலியைப் பார்த்தார். “கொண்டாந்திருக்கீங்களா? வாசிங்க.”

“முழுசுமா?” என்றார் நியாமத் அலி.

“ஏன், முழுசா வாசிக்க முடியாதா?”

வாசிக்க முடியும், கேட்கத்தான் முடியாது என்று சொல்ல அவருக்குத் தைரியமில்லை. வாசிக்க ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். மூன்றாம் பக்கத்தில் அது தொற்றுநோயாகப் பரவியது. தையற்காரன் ஊசியில் நூல் கோக்கிற காட்சி ஒன்றரைப் பக்கம் ஓடியது. எழுதும்போது அதை அவர் ரொம்பவும் ரசித்திருந்தார். இப்போது, தம்மைக் கொல்ல நினைக்கிறவர்கள்கூடத் தூங்கிவிடுவார்கள்போல இருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. வாசிக்க வாசிக்க, பத்தி பத்தியாகத் தாண்டிப் போனார். இந்த வெட்டை மூன்று மாதத்துக்கு முன்பே செய்திருக்கலாம் என்றும் தோன்றியது.

ஏழாம் பக்கம் வந்தது. அந்த வரி கண்ணில் பட்டது. அதையும் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

“ஒண்ணு விட்டுட்டார்” என்றார் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொடுத்த கடைக்காரர். கூட்டத்தில் தூங்காமல், நாலு வரித் தாளில் விரல் வைத்துக் காத்துக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான்.

மௌலவி கையைக் காட்டினார். நியாமத் அலி வாசித்தார். “அங்கியின் நீளம் மரியாதைக்கு, அகலம் வயிற்றுக்கு.”

தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். அறுபது ஜோடிக் கண்களும், யாரும் சொல்லாமலே, ஹாஜி ஸகாவத்தின் அங்கியை மேலிருந்து கீழாக ஒரு தடவையும், பிறகு குறுக்காக ஒரு தடவையும் பார்த்தன. பின்வரிசையில் எண்ணெய்க் கறையோடு உட்கார்ந்திருந்த தறி மெக்கானிக் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “அந்தத் தையக்காரர் விலாசம் கிடைக்குமா? நம்ம ஊர்ல இவ்வளவு சரியா அளவெடுக்கறவங்க இல்ல.”

அந்த ஊர்க்காரர்களால் அடக்க முடியாத ஒன்று அது. முதலில் மூக்கு வழியாக ஒரு சிரிப்பு, பிறகு தோள்கள் குலுங்கின. ஹாஜி அங்கியின் முன்பக்கத்தை இழுத்து மூடினார். அது மூடவில்லை.

மௌலவி சிரிக்கவில்லை. “யாரை நினைச்சு எழுதினீங்க?”

“என்னையேதான், ஹஸ்ரத்.” நியாமத் அலி எழுந்து நின்று, இழுத்து வைத்திருந்த வயிற்றை விட்டார். “என் சம்சாரம் என்னைப் பார்த்துச் சொன்னது.”

“இதுக்கு சாட்சி?”

“வாசல்ல ரிக்‌ஷாவுல இருக்காங்க.”

ஒரு ஆள் வாசலுக்குப் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. இருபது வருடம் ஐந்தாம் வகுப்பை மேய்த்த குரல் திரைச்சீலையைத் தாண்டி முற்றம் முழுக்கக் கேட்டது. “ஆமா, நான் சொன்னதுதான். ஷேர்வானியில மூணு பித்தான் தெறிச்சுது. ஒண்ணு இன்னும் கிடைக்கல. வேற ஏதாவது தெரியணுமா?”

மௌலவி கை உயர்த்திச் சிரிப்பை நிறுத்தினார். “இந்தக் கதையில மார்க்கத்துக்கு விரோதமா ஒண்ணுமில்ல. மொழிக்கு விரோதமா நிறைய இருக்கு. நாலாம் பக்கத்துல தயிரைப் பெண்பால்ல எழுதியிருக்கீங்க. உருதுல தயிர் ஆண்பால். அதுக்கு நீங்க மன்னிப்புக் கேக்கலாம்.”

அத்தோடு முடிந்திருந்தால் நியாமத் அலி இன்றுவரை நிமிர்ந்து நடந்திருப்பார். ஹாஜி எழுந்தார். தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது. “ஹஸ்ரத் சொன்னா சரிதான். ஆனா ஜனங்க மனசு புண்பட்டிருக்கு. மன்னிப்பை வாசிக்கட்டும். அந்த வரியை எல்லாப் பிரதியிலயும் அழிக்கட்டும். அவ்வளவுதான் நாங்க கேக்கறது.”

மௌலவி நியாமத் அலியைப் பார்த்தார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். தீர்ப்பு அவர் பக்கம் இருந்தது, சிரிப்பும் அவர் பக்கம் இருந்தது. பெரியவர் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்த மாதிரிகூட இருந்தது. நியாமத் அலி பக்கத்து மாவட்டத்துச் சைக்கிளை நினைத்தார். ஹாஜி இரண்டாவது தடவை கேட்பதற்குள் அவர் கை சட்டைப்பைக்குள் போய்த் தாளை எடுத்துவிட்டது. பதினைந்து பேர் செதுக்கிய மன்னிப்பைப் பிசிறில்லாமல் வாசித்தார். ஒரு கொட்டாவிகூட இல்லை. பாதியில் மௌலவி பார்வையைத் திருப்பி முற்றத்துப் புறாக்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

ரிக்‌ஷாவில் ஷமீம் நகர்ந்து இடம் கொடுத்தார். வீடு வரும் சமயத்தில், “உயிரோட இருக்கீங்க, அது போதும்” என்றார். போதும் என்பதை அவர் சொன்ன விதத்தில் கொஞ்சம் குறை இருந்தது.

மறுவாரம் மிர்ஸாவின் மருத்துவமனையில் இருவரும் உட்கார்ந்து அந்த இதழின் மீதி நூற்றெண்பது பிரதியிலும் அந்த வரியைக் கறுப்பு மார்க்கரால் அழித்தார்கள். நோயாளிகள் அன்று நின்றுகொண்டே மருந்து வாங்கினார்கள். நாற்பதாவது பிரதி போகும்போது நியாமத் அலிக்கு ஒரு விஷயம் உறைத்தது. பதினொரு பக்கத்தில் உருப்படியான வரி அது ஒன்றுதான். அதுவும் ஷமீமுடையது. இதை மிர்ஸாவிடம் சொன்னார்.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றார் மிர்ஸா. “அதுக்காகத்தான் போட்டேன்.”

அழித்ததன் பலன் யாரும் எதிர்பாராதது. ஒன்பது வருடமாக ஒரு கடிதம் எழுதாத சந்தாதாரர்கள், முதலில் வந்த பிரதியைப் படிக்காமலே எடைக்குப் போட்டுவிட்டு, அழித்த பிரதியை வாங்கி, என்ன வரி அது என்று கேட்டு எழுதினார்கள். சியால்கோட்டில் இருந்து ஒருவர், தாளை வெயிலில் பிடித்துப் பார்த்ததாகவும் ‘வயிறு’ மட்டும் தெரிந்ததாகவும், அதற்கு முன்னால் ஏதோ ஆபாசம் இருப்பதாக ஊகிப்பதாகவும் எழுதினார். நியாமத் அலி வேலைக்குத் திரும்பிய பிறகு ஜன்னலுக்கு வருகிறவர்களும் குனிந்து மெல்லக் கேட்டார்கள். “ஞாபகம் இல்லீங்க” என்று அவர் சொல்வார். ஊரில் எல்லோருக்கும் அந்த வரி தெரிந்திருந்தது. தறிக்காரர்கள் அதை ஹாஜியின் பெயரோடு சேர்த்தே சொன்னார்கள். ஆனால் அவர் வாயிலிருந்து கேட்க வேண்டுமாம்.

ஹாஜி ஸகாவத் தேர்தலில் தோற்றார் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. நானூறு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜெயித்த பிறகு மார்க்கக் காவலர் சங்கத்தில் யாரையும் காணவில்லை. சுவரொட்டிகள் வெயிலில் வெளுத்துக் கிழிந்தன. ‘ரோஷன்தான்’ இன்னும் ஒரே ஒரு இதழ் வந்தது. அடுத்ததை அச்சிட எந்த அச்சகமும் முன்வரவில்லை. எல்லோரும் கௌரவமாக, இயந்திரம் பழுது என்றார்கள். டீக்கடைக்காரர் மாடியில் மராமத்து என்று சொல்லிப் பூட்டிவிட்டார். கூட்டம் மிர்ஸாவின் மருத்துவமனைக்கு இடம் மாறியது. வந்தவர்கள் ஐந்து பேர். பேராசிரியர் தன்வீரும் வருவதை நிறுத்திவிட்டார். அவரை யாரும் குறை சொல்லவில்லை, குறை சொல்கிற இடத்தில் தாம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

இனி எழுதுவதில்லை என்று நியாமத் அலி ஆறு மாதம் வைராக்கியமாக இருந்தார். அவர் எழுதாததை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் அவரை உறுத்தியது. ஒரு நாள், ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் திருத்துகிற ஒருவனைப் பற்றிக் கதை எழுதினார். மன்னிப்பு வாசித்த பிறகு அவன் தன் பெயரை எழுதும்போதெல்லாம் கை நிற்கிறது. மற்றபடி அதில் ஹாஜி இல்லை, அங்கி இல்லை, வயிறு கவனமாக எங்கேயும் இல்லை. தயிர் வந்த இடத்தில் ஆண்பால் போட்டிருந்தார்.

மிர்ஸாவின் மருத்துவமனையில் வாசித்தார். ஷோலா சோர்ந்த முகத்தோடு சொன்னார்: “இது போனதைவிட மோசம்யா. ஆனா போனதைவிடச் சின்னது. முன்னேற்றம்தான்.” நியாமத் அலிக்கு ஆறு மாதத்தில் முதல்முறையாகப் பசித்தது.

கராச்சிப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பும் முன் கையெழுத்துப் பிரதியை ஷமீமிடம் கொடுத்தார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவருடைய எந்தக் கதையையும் ஷமீம் முடிவுவரை படித்ததில்லை. இதைப் பள்ளி விடைத்தாள் திருத்துகிற பென்சிலோடு, கட்டிலில் சாய்ந்து கடைசி வரிவரை படித்தார். பென்சில் எங்கேயும் படவில்லை.

“நல்லா இருக்கு” என்றார். பிறகு, “இதுல ஒரு வரி இருக்கு. அது உங்களை வம்புல மாட்டிவிடும்.”

“எது?”

“நீங்களே பாருங்க.”

நியாமத் அலி உட்கார்ந்து பார்த்தார். மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை, ஹாஜியாகத் தம்மை நினைத்துக்கொண்டு ஒருமுறை. அவருக்குக் கிடைக்கவில்லை. சமையலறைக்குப் போய் மறுபடி கேட்டார். ஷமீம் கொத்துமல்லி ஆய்ந்துகொண்டே, “சொன்னா எடுத்துடுவீங்க” என்றார்.

மறுநாள் அலுவலகம் போகும் வழியில், ஒரு வரியும் எடுக்காமல் உறையை ஒட்டித் தபாலில் சேர்த்தார். கதை வெளிவந்துவிட்டது. அது எந்த வரி என்று அவருக்கு இன்னும் தெரியாது.